முன்னூறாவது ஆள்

"குடிச்சுக் காட்டுங்க போடியார்!"

சவளக்கடை வயல் விழாவில் நாற்பது விவசாயிகள் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஊரின் பெரிய வயல்காரர் சின்னப்போடிக்கு இது போதாதா? அறுபத்திரண்டு வயதிலும் மனுசனுக்குக் கைதட்டல் என்றால் உயிர். இளம் ஆய்வாளன் ஜுனைட் கண்டுபிடித்த வேப்பங்கொட்டைப் பூச்சிமருந்தை, போகிற ஊரிலெல்லாம் ஒரு மூடி குடித்துக் காட்டுவது அவர் வழக்கம். நஞ்சில்லாத மருந்து என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"வேணாம் போடியார், இது பயிருக்கு அடிக்கிற சாமான்," என்று ஜுனைட் வழக்கம்போலத் தடுத்தான்.

"நீ சும்மா இரு தம்பி! படிச்சவன் சொன்னா எங்கட ஆக்கள் நம்பமாட்டானுகள். நான் குடிச்சாத்தான் நம்புவானுகள்!"

மேசையிலிருந்த போத்தலைத் திறந்தார். மூடியை நிரப்பினார். அண்ணாந்து ஊற்றினார்.

"அப்பாடி… இண்டைக்கு என்ன கசப்பு!"

எல்லாரும் சிரித்தார்கள்.

கால் மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. போடியார் உட்கார்ந்திருந்த கதிரையோடு சரிந்தார். வாயில் நுரை! உடம்பெல்லாம் வியர்வை!

"ஐயோ! என்ட மனுசன்!" செல்லத்தங்கம் நெஞ்சிலடித்து அலறினாள்.

பிரதம விருந்தினர் டொக்டர் கமீலா மேசைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார்.

"தூக்குங்க! என்ட வாகனத்துல ஏத்துங்க! கெதியா!"

தெய்வம் போல டொக்டர் வந்திருந்தாரே என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

*

ஆசுபத்திரியின் நஞ்சு வார்டில் நப்லா காத்து நின்றாள்.

ஜுனைட்டின் தங்கை. சாய்ந்தமருதில் உம்மாவையும் வாப்பாவையும் சுனாமி கொண்டுபோன பிறகு, அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அண்ணன், அவளுடைய காக்கா. மற்றது, அகதி முகாமிலிருந்து கூட்டிவந்து படிப்பித்து வேலையும் கொடுத்த டொக்டர் கமீலா.

"முன்னூறாம் நம்பர் பெட்டி, மகள்! ஓடு!"

நப்லா ஓடினாள்.

பூச்சிநஞ்சு குடித்தவர்களைக் காப்பாற்றும் புது மாற்றுமருந்து அது. கமீலாவின் ஆறு வருட ஆய்வு. முன்னூறு நோயாளிக்கு முன்னூறு பெட்டி. பாதியில் மருந்து, பாதியில் வெறும் உப்புத் தண்ணீர். எதில் எது என்று கமீலாவுக்கே தெரியாது. ஒட்டிய உறைகளுக்குள் எழுதியிருக்கிறது. வழமையான வைத்தியத்தோடு பெட்டியில் உள்ளதையும் ஏற்ற வேண்டும்.

ஏற்றினார்கள்.

பக்கத்தில் நின்றபடியே கமீலா படிவத்தை மளமளவென்று நிரப்பினார். ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஒரு கட்டம் விட்டுப்போனதற்காக நப்லாவை அழவைத்த நாளும் உண்டு.

பின்னேரம் மூன்று மணிக்குச் சின்னப்போடி மூச்சை விட்டார்.

நாலு மணிக்கு ஜுனைட்டின் கையில் விலங்கு!

"நான் ஒண்டும் கலக்கல்ல நப்லா! அல்லாஹ் மேல சத்தியமா!"

யார் கேட்பது? யுத்தம் முடிந்து இரண்டே மாதம். 'சோனகன்ட மருந்து தமிழனைச் சாகடிச்சிட்டு' என்று சந்தியில் கதை பரவிவிட்டது. ஊர் வாய்க்கு மூடி ஏது?

*

பதினைந்தாம் நாள் காலை. சப் இன்ஸ்பெக்டர் நல்லரெத்தினம் வார்டுக்கு வந்தார்.

"கொழும்பிலிருந்து போத்தல் சோதிச்ச அறிக்கை வந்திட்டு தங்கச்சி. வேம்புக்குள்ள டைமெதோயேட் கலந்திரிக்கி. நல்ல கடும் நஞ்சு."

"காக்கா அதைத் தொடவும் மாட்டார் சேர்!"

"வேம்பு வேலை செய்யல்ல, அதால களவா நஞ்சைக் கலந்தான் எண்டுதான் எல்லாரும் சொல்றாங்க. நாளைக்குக் கோட்டுல இதைக் குடுத்தா, உன்ட காக்கா வெளிய வாறது கஷ்டம்."

கமீலா கணினியில் ஏற்றச் சொன்ன படிவக் கட்டு மேசையில் கிடந்தது. அழுதுகொண்டே நப்லா கடைசிப் படிவத்தை எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றாள்!

'நஞ்சின் பெயர்: டைமெதோயேட். நேரம்: முற்பகல் 11.20.'

பதினைந்து நாளைக்கு முன்! போத்தல் அப்போது கொழும்புக்குப் போயிருக்கவே இல்லை. ஊரெல்லாம் வேம்பு வேம்பு என்று கத்திய நேரம்!

"சேர்…" அவள் படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். "என்னோட கொஞ்சம் வாங்க."

*

கமீலா படிவத்தைப் பார்த்தார். புன்னகைத்தார்.

"நுரை, வேர்வை, சுருங்கின கண்மணி. பாத்தாத் தெரியாதா மகள்?"

"இருவது நஞ்சுக்கு அதே குறிதான் எண்டு நீங்கதானே படிப்பிச்ச? மத்த எல்லாப் படிவத்துலயும் போத்தலைப் பாத்துத்தானே பேர் எழுதின? இந்தப் போத்தல்ல வேம்பு எண்டுதானே எழுதியிரிந்த? அந்தப் பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும் டொக்டர்?"



"போத்தல் உங்கட கதிரைக்கு முன்னாலதான் இரிந்ததாம்," என்றார் நல்லரெத்தினம் மெதுவாக.

கமீலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு ஆள் மகள்… ஒரே ஒரு ஆள் குறைய!"

"டொக்டர்!"

"சுனாமி கொண்டுபோன கோப்புகளையெல்லாம் மறுகா முதல்ல இருந்து எழுதினவள் நான். ஷெல் விழக்குள்ளயும் வார்டை மூடல்ல. உன்ட காக்காட வேம்பு வந்த பிறகு இந்தப் பக்கம் நஞ்சடிக்கிறாக்களும் இல்ல, குடிக்கிறாக்களும் இல்ல. ரெண்டு மாசமா வார்டு காலி! மாசக் கடைசியோட ஆய்வை நிப்பாட்டுறம் எண்டு வெளிநாட்டால கடிதம். நான் என்ன செய்ய?"

"சந்தோசப்பட்டிருக்கலாமே!" நப்லா கத்தினாள். "ஒருத்தரும் நஞ்சு குடிக்கல்ல எண்டு சந்தோசப்பட்டிருக்கலாமே! என்ட காக்காவ உள்ளுக்குப் போட்டுட்டு, என்னைத் தடவிக்குடுத்து அழாத மகள் எண்டீங்களே! மனுசியா நீங்க?"

"அவரைச் சாகடிக்க நினைக்கல்ல. நான் பக்கத்துல இரிக்கன், மருந்து இரிக்கி, காப்பாத்திப்போடலாம் எண்டுதான்… ஆனா தண்ணிப் பெட்டி வந்திட்டு. அது என்ட குத்தமா? மருந்துப் பெட்டி வந்திருந்தா போடியார் இண்டைக்கு வயல்ல நிண்டிருப்பார்!"

நப்லா அலுமாரியைத் திறந்தாள். முன்னூறாம் உறையை உருவினாள்.

"உடைக்காத! ஆய்வு கெட்டுப்போகும்!"

கிழித்தாள்.

வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"போடியாருக்கு ஏத்தினது தண்ணி இல்ல டொக்டர்."

"என்ன?"

"உங்கட மருந்துதான்!"

கமீலா காகிதத்தைப் பறித்தார். கண்ணாடி இல்லாமலே முகத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். செத்த மனிதருக்காக அல்ல, மருந்துக்காக! அது நப்லாவுக்கு நன்றாக விளங்கியது. உம்மாவுக்குப் பிறகு உம்மாவாக நினைத்தவளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. காக்காவைக் கூட்டிவர நடந்தாள்.

நல்லரெத்தினம் விலங்கை எடுத்தார்.

"என்ட ஆய்வு…" என்று முனகினார் கமீலா.

"கவலைப்படாதீங்க டொக்டர்! நீங்க போற இடத்துல ஆக்கள் நிரம்பி வழியிறாங்க… முன்னூறென்ன, மூவாயிரம் பேர் எடுக்கலாம்!"