சும்மா சுற்றிய சக்கரம்

டெம்போவின் பின்சக்கரம் ஊளையிட்டது. வண்டி நகரவில்லை. கறுப்புச் சேறுதான் பறந்துவந்து நர்மதாவின் பாவாடையில் அப்பியது.

2003 ஐப்பசி மழை, முகத்துவாரக்குப்பத்து மண்பாதையை வழுவழுவென்று ஆக்கியிருந்தது. வண்டிக்குள் அம்மா கெங்கம்மாவின் எட்டுக் கூடை இறால். காலை மணி ஆறாகப் போகிறது. ஏழு மணிக்குக் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து இறால் வாங்கும் கம்பெனி வண்டி கிளம்பிவிடும். ஐஸ் வேறு உருகிச் சொட்டியது. தலை கறுத்த இறாலைக் கம்பெனிக்காரர் தொடக்கூட மாட்டார்.

"இன்னும் அமுக்கு வரதா," என்றாள் கெங்கம்மா.

"அமுக்கிகினுதான்க்கா கீறேன்," என்றார் டிரைவர் வரதன்.

பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டி மாமா நல்ல பெருத்த உடம்புக்காரர். "கடல்ல நம்ம போட்டு தரை தட்டுனா இன்னா பண்ணுவோம்? சரக்க எறக்குவோம்ல," என்றபடி பின்னால் ஏறி, இடது மூலையில் நின்று ஒரு கூடையைத் தூக்கினார். வரதன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

"ஆளு மேல கீறேன், இன்னாபா ஓட்டற," என்று மாமா கூடையோடு இறங்கினார். சக்கரம் மறுபடி ஊளையிட்டது.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நர்மதா, சேற்றில் கையை விட்டாள். இரண்டு விரல் ஆழம்தான். கீழே கெட்டித் தரை.

"எறக்காத மாமா. ஏத்து."

"இன்னாது?"

"வலது சக்கரம் சும்மா நிக்குது. இடதுதான் வழுக்கிகினு சுத்துது. நீ அதும்மேல நின்னப்போ நவுந்துச்சுல்ல? போட்டு மிதக்கணும். டெம்போ தரையப் புடிக்கணும்."

"பொதைஞ்சிதுன்னா கிரேனுதான் வரணும்," என்றார் வரதன்.

"ரெண்டு வெரல் சேறுதாண்ணே. கீழ கெட்டித் தரை," என்றாள் நர்மதா. கெங்கம்மா சொட்டும் ஐஸைப் பார்த்தாள். "ஏத்துங்க," என்றாள்.

எல்லாக் கூடைகளும் இடது மூலைக்குப் போயின. மாமா அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வரதன் பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தார். மறுபடி ஊளை.

"அண்ணே, மெதுவா. தூங்குற புள்ளையத் தொடுற மாரி," என்றாள் நர்மதா.

வரதன் முறைத்தார். பிறகு காலை லேசாக வைத்தார். சக்கரம் வழுக்கியது, பிடித்தது, மெல்ல உருண்டது. தார்ச்சாலை வரும்வரை வரதன் காலை அழுத்தவேயில்லை.

தாயும் மகளும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். காசிமேட்டில் மணி ஆறு ஐம்பது. கம்பெனிக்காரர் ஓர் இறாலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தலை கறுக்கவில்லை.

"எடுத்துக்கலாம்," என்றார்.

கூடைகள் இறங்கின. மாமா மட்டும் இறங்கவில்லை.

"வா மாமா, டீ குடிக்கலாம்," என்றாள் நர்மதா.

"திரும்பிப் போறப்போ வண்டி காலிதான? சக்கரத்து மேல யாரு குந்துறது? டீய இங்க அனுப்பு. கூட ரெண்டு பன்னும்."