முன் இருக்கையில் புயல்

காலை 8.10. பள்ளி வேன் பூங்காவின் மதில் சுவரில் மோதி நின்றிருந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலை போல் விரிந்திருந்தது. ஓட்டுநர் கண்மூடிக் கிடந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் அவருடைய சட்டைக் காலரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். ஓட்டுநரின் கன்னத்திலும் கழுத்திலும் நகக் கீறல்கள்.

பின்னாலிருந்த பிள்ளைகள் அழுதுகொண்டே ஒரே குரலில் சொன்னார்கள்:

"புயல்தான் அடிச்சான். டிரைவர் மாமாவைப் போட்டு அடிச்சுக்கிட்டே இருந்தான்!"

புயல் என்பது வேன் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவான். ஒரு வருடமாக மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறான்.

9.30. பெண் காவல் ஆய்வாளர் அவன் வீட்டுக்குள் நுழைந்தார். சிறுவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் காதைப் பொத்தி உட்கார்ந்திருந்தான். சமையலறையில் கத்திகள் இருந்த பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி தாயின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறானா?"

"முன்னாடி நான் குடுப்பேன் மேடம். தினம் ஒரு போர்தான். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்தாதான் நம்பிக்கை. எனக்குக் காலை ஷிஃப்ட் மாறினதிலேருந்து இவர்தான் குடுக்கறார். இவர்கிட்ட மட்டும் சத்தமில்லாம சாப்பிட்டுடறான். என்ன மந்திரமோ!"

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் தகப்பன் தலை குனிந்துகொண்டார். "பொறுமையா சொன்னா கேப்பான் மேடம்."

"அப்போ நடத்தை தேவலையா?"

"எங்கே!" என்றாள் தாய். "ரெண்டு வாரமா பள்ளிக்கூடத்துல புகார் மேல புகார். நேத்து இதான் கடைசி எச்சரிக்கைன்னுட்டாங்க."

வாசல் வரை வந்தவள் ஆய்வாளரின் கையைப் பற்றினாள். குரல் அடங்கியிருந்தது.

"இவனை எங்கயாவது கொண்டுபோய் அடைச்சிடுவீங்களா? பெத்தவ சொல்லக் கூடாது... இவன்தான் செஞ்சிருப்பானோன்னு எனக்கே பயமா இருக்கு மேடம்."

11.00. மருத்துவமனை. ஓட்டுநர் இன்னும் கண் திறக்கவில்லை.

"தலையில பெரிய அடி இல்லை. குடிக்கவும் இல்லை. ஆனா எழுப்ப எழுப்பத் தூங்கறார்," என்றார் மருத்துவர். "ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன்."

ஓட்டுநரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு வாரமாவே அப்படித்தாம்மா, பகல்ல அசந்து அசந்து விழறார். காலையில வெறும் டீதான். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயேன்னா, எனக்கு வண்டியிலேயே விருந்து இருக்குடின்னு சிரிப்பார்."

12.30. பூங்கா மதில். எதிரே பஞ்சர் கடைக்காரர் கை காட்டிக் காட்டிப் பேசினார்.

"முதல்ல ஹார்ன் மேடம். விடாம ஒரே ஹார்ன். யாருடா இவன், ஊரையே எழுப்பறான்னு திரும்பினேன். டக்குனு நின்னுச்சு. அப்புறம்தான் டயர் கிறீச்சுன்னுச்சு. அதுக்கும் அப்புறம்தான் டமார்."

"நல்லா ஞாபகம் இருக்கா? ஹார்ன் நின்னப்புறம்தான் கிறீச்சா?"

"என் காது பொய் சொல்லாது மேடம்."

ஆய்வாளர் வேனுக்குள் குனிந்தார். கை பிரேக் மேலே இழுக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் மடிப்பில் பிஸ்கட் தூளும் ஒரு துளி வெள்ளைக் கிரீமும்.

மாலை 4.00. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் சிறுவனின் வீட்டு வாசலில் கூடி நின்றார்கள். "இவனை இன்னைக்கே எங்கயாவது அனுப்புங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஆய்வாளர் உள்ளே போய் மேசைக்கு அடியில் தவழ்ந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையில மாத்திரை சாப்பிட்டியாடா?"

"மாத்திரைதான் நிறுத்தியாச்சே. அப்பா சொன்னாரு."

தாய் நிமிர்ந்தாள். தகப்பன் சுவரில் சாய்ந்தார்.

"அப்பா வேற என்ன குடுத்தாரு?"

"கிரீம் பிஸ்கட். வேன்ல சாப்பிடச் சொல்லி."

"சாப்பிட்டியா?"

"மாமாவுக்குக் குடுத்தேன். தினமும் அவருக்குத்தான். பாவம், காலையில சாப்பிட மாட்டாரு. என்னை முன்னாடி உக்கார விடறது அவர் மட்டும்தான்."

"உனக்குக் கிரீம் பிஸ்கட் பிடிக்காதா?"

"பிடிக்கும்," என்றான். கேள்வி முட்டாள்தனமானது என்பது போல.

ஆய்வாளர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து சீருடைத் தூசியைத் தட்டினார்.

"ஒரே சமயத்துல ரெண்டு பேர் மாறியிருக்காங்க. பையன் அடங்காம போனான், டிரைவர் தூங்கி வழிஞ்சார். இவனுக்குப் போக வேண்டியது அவருக்குப் போயிருக்கு. இன்னைக்குக் கிரீமுக்குள்ள எத்தனை மாத்திரை சார் பொடிச்சு வச்சீங்க?"

தகப்பன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். "மொதல்ல ஒண்ணுதான்... பலனே இல்லை. ரெண்டாக்கினேன். நேத்து கடைசி எச்சரிக்கைன்னதும்... இன்னைக்கு நாலு."

"டாக்டரைக் கேட்டீங்களா?"

தகப்பன் இல்லையென்று தலையசைத்தார். தாய் அவர் பக்கம் திரும்பினாள். "நாலையும் இவன் தின்னிருந்தா?"

"ஆனா என் பொண்ணு பார்த்தாளே, இவன் அடிச்சதை!" என்றார் வாசலில் ஒருவர்.

"அடிச்சான். எப்போங்கறதை யாரும் யோசிக்கலை. டிரைவர் தலை ஹார்ன் மேல சாஞ்சது. அதனாலதான் விடாத சத்தம். மோதினதால அது நிக்கலை. மோதறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. யாரோ அவர் காலரைப் பிடிச்சு நிமிர்த்தியிருக்காங்க, கன்னத்துல அறைஞ்சு எழுப்பப் பாத்திருக்காங்க. முடியலைன்னதும் கை பிரேக்கை இழுத்திருக்காங்க. தூங்கறவர் பிரேக் இழுக்க மாட்டார். தினமும் முன்னாடி உக்காந்து அவர் கையையே பாத்துட்டிருந்த ஒருத்தனுக்குத்தான் அது தெரியும்."

மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மாமா எழுந்துட்டாரா?"

அன்று முழுவதும் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. தாய் தரையில் மண்டியிட்டு அவனை நோக்கிக் கை நீட்டினாள். அவன் வரவில்லை.

"மூணு மணிக்குக் கண் திறந்துட்டார்," என்றார் ஆய்வாளர். பிறகு தகப்பனிடம் திரும்பினார். "சட்டை மாத்திக்கிட்டு வாங்க சார். உங்க மேல வழக்குப் பதிவாகுது."

மறுநாள் காலை 7.00. இரவெல்லாம் காவல் நிலையத்தில் இருந்துவிட்டு ஜாமீனில் திரும்பிய தகப்பன் மகன் முன்னால் உட்கார்ந்தார். மருத்துவர் சொன்னபடி ஒரே ஒரு மாத்திரை, விரித்த உள்ளங்கையில். மறு கையில் தண்ணீர் டம்ளர்.

"இது மாத்திரைடா. நிறுத்தலை. அப்பா பொய் சொல்லிட்டேன்."

சிறுவன் மாத்திரையை வெகுநேரம் பார்த்தான்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மாத்திரைக்குள்ள மாத்திரைதான்."

அவன் டம்ளரை வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தான். பிறகு கண்ணை உயர்த்தினான்.

"தண்ணிக்குள்ள?"