பன்னிரண்டு நிமிடங்கள்

சலூன் நாற்காலியின் கைப்பிடிகள் மேல் ஒரு பலகை. அதன் மேல் குட்டி. பத்து வயதாகியும் இன்னும் பலகை வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு மகா வருத்தம்.

வலப்பக்க முடி வெட்டியாயிற்று. இடப்பக்கம் தோள் வரை தொங்கியது.

"இப்படியே கிளம்பு குட்டி. ஸ்கூல்ல ரெண்டு பொண்ணு வந்திருக்குன்னு நினைச்சுப்பாங்க," என்றான் பின்னால் பெஞ்சில் இருந்த அண்ணன்.

"உனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி!"

பதிலுக்குத் தொப்பென்று ஒரு சத்தம்தான் கேட்டது.

அண்ணன் தரையில் கிடந்தான். உடம்பு விறைத்தது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வலிப்பு! இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அம்மா பக்கத்தில் இருந்தாள். இன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

 அம்மாவிடம் டாக்டர் சொன்னது குட்டிக்கு நினைவுக்கு வந்தது. முதலில் மணி பார்க்க வேண்டும்; ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

கண்ணாடியில் கடிகாரம் தெரிந்தது. ஏழு ஐம்பது. அது எப்படி? பள்ளிக்கூடம் விட்டு இப்போதுதானே வந்தோம்? சட்டென்று திரும்பி, சுவரை நேராகப் பார்த்தாள். நான்கு பத்து. கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டியிருந்தது.

பலகையிலிருந்து குதித்தாள். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து அண்ணன் தலைக்கு அடியில் வைத்தாள்.

சலூன்காரர் ஒரு சீப்பை எடுத்து வந்தார். "பல்லுக்கு நடுவுல வைக்கிறேன் பாப்பா. நாக்கைக் கடிச்சுக்கப் போறான்!"

"வேண்டாம் மாமா! வாயில எதுவுமே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த பெஞ்சை மட்டும் நகர்த்துங்க, கால் இடிக்குது."

 அவர் சீப்பைப் போட்டுவிட்டு பெஞ்சை இழுத்தார். இருவருமாக அண்ணனை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். வாயோரம் நுரை வழிந்தது.

போன தடவை இரண்டே நிமிடத்தில் நின்றுவிட்டது. இப்போது மூன்று. நான்கு. முள் நகர்ந்தது, அண்ணன் உடம்பு ஓயவில்லை.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு! மாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

நான்கு இருபத்திரண்டுக்கு சைரன் சத்தம் வாசலில் வந்து நின்றது. பையோடு ஒரு நர்ஸ் ஓடி வந்தாள்.

"எப்ப ஆரம்பிச்சது? யாருக்காவது தெரியுமா?"

"நாலு பத்துக்கு அக்கா. பன்னிரண்டு நிமிஷம். நடுவுல நிக்கவே இல்லை."

நர்ஸ் குட்டியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் கைகள் பறந்தன. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் தண்ணீர் போல ஒரு மருந்து. மாஸ்கை விலக்கி, இந்த மூக்குத் துவாரத்தில் பாதி, அந்தத் துவாரத்தில் பாதி என்று பீய்ச்சினாள். மொத்தமும் ஒரு டீஸ்பூன்கூட இருக்காது.

இவ்வளவுதானா? இத்தனூண்டு மருந்தா இதை நிறுத்தப் போகிறது?

குட்டி அண்ணனையே பார்த்தாள்.

முதலில் கால்கள் தளர்ந்தன. பிறகு தோள். இறுகியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அண்ணன் ஆழமாக ஒரு மூச்சை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனான்.  சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வண்டியில் போகும்போது குட்டி மெதுவாகக் கேட்டாள்: "மூக்குலதானே விட்டீங்க? மூளைக்கு எப்படி அக்கா போச்சு?"

"மூக்குக்குள்ள தோல் ரொம்ப மெல்லிசு கண்ணு. மருந்து சட்டுனு ரத்தத்துல கலந்துடும். ரத்தம் நேரா மூளைக்கு ஓடும். அங்க இருக்கிற செல்லெல்லாம் ஒரே நேரத்துல கத்திட்டிருந்துச்சு இல்லையா? 'போதும், அமைதியா இருங்க'ன்னு இது போய்ச் சொல்லும்." நர்ஸ் நாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எத்தனை நிமிஷம்னு நீ சரியா சொன்னே. அதான் நான் யோசிச்சுட்டு நிக்கலை."

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு அம்மா அலறியடித்து ஓடிவந்தாள். குட்டியை இறுகக் கட்டிக்கொண்டாள். இருவரும் கட்டிலருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

குட்டி அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இதற்குள்ளேதான் அவ்வளவும் நடந்ததா?

அவன் இமைகள் அசைந்தன. கண் திறந்தது. உதடு முணுமுணுத்தது.

"என்னப்பா? என்ன சொல்றே?" என்று அம்மா குனிந்தாள்.

"பசிக்குது."

அம்மாவும் குட்டியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடி, கதவில் முட்டிக்கொண்டு, சிரித்தார்கள்.