ஈரம் காயாத துப்பாக்கி

"அப்பா, துப்பாக்கியை என்கிட்ட குடுத்துடுங்க."

ஷிஹோ இதைச் சொன்னதும் கன்சோ மாமாவின் கையிலிருந்த சாகே மதுக் கிண்ணம் உதட்டுக்கு முன்னால் அப்படியே நின்றது. அடுப்படியில் அம்மா கிளறிக்கொண்டிருந்த கரண்டியின் சத்தமும் ஓய்ந்தது.

அதுவரை மாமா வாய் மூடவில்லை. அப்பாவோடு சேர்ந்து மலையில் கரடி வேட்டையாடியே தலை நரைத்தவர். சாயங்காலம் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஷிஹோவைத் தன் குட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். வழியெல்லாம் கிண்டல். "செண்டாய் டவுன்ல காலேஜ் படிச்ச பொண்ணு வந்திருக்கு. இனிமே நம்ம மலைக் கரடியெல்லாம் மனு எழுதிக் குடுத்துட்டுத்தான் ஊருக்குள்ள எறங்கணும்." வீட்டுக்கு வந்தும் விடவில்லை. "ஏம்மா, பட்டம் வாங்கினியே, அந்தக் காகிதத்தைச் சுத்தி வச்சா முள்ளங்கி ஊறுகாய் கெடாம இருக்குமா?"

இப்போது அவர் கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்தார். எழுந்தார். வாசலில் பூட்ஸை மாட்டியவர் கயிற்றைக் கட்டவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. லாரி கிளம்பி, பனி நொறுங்கும் சத்தத்தோடு சரிவில் இறங்கி, அந்தச் சத்தமும் தேய்ந்து போயிற்று. கன்சோ மாமா குடிக்காமல் மிச்சம் வைத்த சாகேவை அந்த வீடு அதற்குமுன் பார்த்ததில்லை.

சின்ன வயதிலேயே அம்மா சொல்லி வைத்திருந்தாள். அப்பாகிட்ட எதை வேணும்னாலும் கேளு, அந்தத் துப்பாக்கியை மட்டும் கேக்காத. தொடறது அப்புறம், வாயால கேக்கவே கூடாது. ஏன் என்று கேட்டபோது கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. பெண் மலையேறக் கூடாது, மலைக்காரித் தெய்வத்துக்குப் பெண்களைக் கண்டால் ஆகாது, ஏறியவள் எவளும் திரும்பியதில்லை, வேட்டைக்குப் போகிறவன் பெண்டாட்டி முகம் பார்க்கக் கூடாது என்று அந்த ஊரில் வழங்கிய நூறு 'கூடாது'களோடு இதையும் ஷிஹோ சேர்த்துக்கொண்டாள். சேர்த்துக்கொண்டு வெறுத்தாள். அவள் ராத்திரிக் கடையில் நின்று கல்லூரிக்குச் சம்பளம் கட்டிய வருஷங்களில், அப்பா அந்தத் துப்பாக்கிக்குப் புதுத் தோல்வார் தைத்துப் போட்டார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவள் பட்டம் வாங்கிய அன்று அவர் மலையில் இருந்தார்.

போன வாரம் அம்மா போனில் அழுதாள். "நம்ம நாய் கோமா செத்துடுச்சுடி. பின்வாசல்ல கெடக்கு. சுட்டிருக்கு."

"நாயை யாரும்மா சுடுவா?"

"அப்பாதான். வேற யாரு."

இலையுதிர் காலத்தில் படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டதிலிருந்து அப்பா படுக்கைதான். நினைவும் போய்விட்டது. எப்படியோ தவழ்ந்து போயிருக்கிறார் என்றுதான் ஷிஹோ நினைத்தாள். "நேத்து துணி காயப்போட்டப்ப முதுகுல குறுகுறுங்குதுடி. யாரோ குறி பாக்கற மாதிரி" என்று அம்மா சொன்னதும் அவள் லீவு போட்டாள். போலீஸ் நிலையத்துக்குப் பேசினாள். காலையில் ஆள் வந்து துப்பாக்கியை எடுத்துப் போவார்கள். அதுவரை சாவி தன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாய்க்கு நடந்தது அம்மாவுக்கு நடக்க விடமாட்டாள்.

"அப்பா, காது கேக்குதா? அந்தத் துப்பாக்கி எனக்கு வேணும். சாவியைக் குடுங்க."

மண்ணெண்ணெய்க் கணப்பின் ஓரத்தில் மெத்தையில் சாய்ந்திருந்த அப்பா திரும்பினார். அவள் வந்ததிலிருந்து "யாருங்க, எந்த ஊரு" என்று கேட்டுக்கொண்டிருந்தவரின் கண்களில் படலம் விலகியது. நீர் வழிய வழியத் தெளிந்தது.

"ஷிஹோ" என்றார். "கேட்டுட்டியா."

சட்டைக்குள் கைவிட்டு, கழுத்தில் கிடந்த கயிற்றைச் சாவியோடு கழற்றினார். அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்போல் மூச்சு விட்டார். அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படி மூக்கைச் சிந்தறே? நல்லதுதானே நடந்திருக்கு" என்றாள் ஷிஹோ.

சாவியோடு பின்னறைக்குப் போனாள்.

பின்னறைக்குக் கணப்பு கிடையாது. கதவைத் தள்ளியதும் குளிரோடு மணம் வந்தது. துப்பாக்கி எண்ணெயின் இனிப்பு மணம், பழைய கரடித் தோலின் வீச்சம், அவற்றுக்கு அடியில் இப்போதுதான் வெளியிலிருந்து வந்தவர்களின் மேலிருந்து வருமே, அந்தப் பச்சைப் பனியின், உடைந்த தேவதாரு ஊசிகளின் மணம். தூணோடு திருகி வைத்த இரும்பு அலமாரி மூலையில் இருட்டாக நின்றது. உள்ளே ஏதோ சொட்டியது. நின்றது. மறுபடி சொட்டியது. விளக்கைப் போட்டாள். அலமாரியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, பாய்விரிப்பில் கறுப்பாகப் பரவியிருந்தது.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

சாவி திருப்புவதற்கு முன்பே திரும்பியது.

அப்பாவின் துப்பாக்கி. அன்றாடம் தோளில் தொங்கி, அன்றாடம் துடைக்கப்பட்டு, கட்டையில் அவர் கன்னம் பட்ட இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வார் நனைந்து கனத்திருந்தது. கட்டையின் இடுக்கில் பனி இன்னும் கரையாமல் ஒட்டியிருந்தது. யாரும் வெளியே எடுக்காத துப்பாக்கி. சாவி ஒரு கிழவனின் கழுத்தில். குழலைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். கை துப்பாக்கியை எடுத்தது. வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை அவள். கை தோட்டா அறையின் போல்ட்டை இழுத்தது, தடவிப் பார்த்தது, தள்ளியது. உள்ளே ஒரு தோட்டா இருந்தது. தோட்டாக்களுக்கென்று தனிப்பெட்டி, தனிப்பூட்டு. இது எப்படி இங்கே?

பின்னால் கணப்பின் பக்கமிருந்து அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"ஃபுசாயே, இன்னும் ஒரு கிண்ணம் சூப் ஊத்து. பசிக்குது."

கிழவரின் குரல் இல்லை அது. பிறகு காலடி. மெத்தையிலிருந்து எழுந்து, மரத்தரையில் அழுத்தமாக நடந்து அடுப்படிவரை போகிற காலடி. இடுப்பு ஒடிந்தவரின் காலடி.

அம்மா பின்னறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்கப்பா அவங்க அண்ணன்கிட்ட கேட்டு வாங்கினாரு" என்றாள் ரகசியமாக. "சின்ன வயசு, ஆசையில கேட்டுட்டாரு. குடுத்துட்டு அந்த அண்ணன் சிரிச்சாருடி. சிரிச்சுக்கிட்டே ஊரைவிட்டே போயிட்டாரு. அன்னிலேருந்து பனி விழுந்தா இவரு இதைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போகணும். போய்த்தான் ஆகணும். இந்த வருஷம் போக முடியலை."

"அதனால?"

"அதனால அது கோமாவை எடுத்துக்கிச்சு."

ஷிஹோவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லாமல் அறை கொடுத்தே வளர்த்தாயே. கத்தவில்லை. கத்த முடியவில்லை. துப்பாக்கி கையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மெதுவாக. கடிகார முள்போல. அவள் இழுத்துப் பிடித்தாள். மணிக்கட்டு நரம்பு புடைத்தது. குழல் நிலைக்கதவைக் கடந்தது. அம்மாவின் முழங்காலைக் கடந்தது. வயிற்றில் நின்றது.

"அம்மா. நகரு."

அம்மா இடதுபக்கம் நகர்ந்தாள். குழலும் நகர்ந்தது.

"விட்டுடுடி. கீழ போடு."

"விட முடியலை."

கை தோளுக்கு உயர்ந்தது. விரல் விசையைத் தேடியது. அவள் விரல்தான். நகத்தில் இன்னும் செண்டாயில் பூசிய சாயம். உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, ஜன்னல் பக்கமாகத் திரும்பினாள். மலை இருக்கும் பக்கம்.

கனம் போயிற்று.

இறகுபோல இருந்தது துப்பாக்கி. கையும் அவளுடையதாயிற்று. ஓர் அடி அம்மாவின் பக்கம் எடுத்து வைத்துப் பார்த்தாள். கனத்தது. மலைப் பக்கம். லேசானது. புரிந்துகொள்ள வேறொன்றும் இல்லை. போலீஸ் வரும்வரை பிடித்து நிற்க அவள் கைக்குப் பலம் இல்லை. யாராவது கேட்டால் கொடுக்கலாம். கேட்க இந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

அம்மாவும் அதையே நினைத்திருக்க வேண்டும். உதடு பிரிந்தது. "ஷிஹோ, அதை எங்கிட்ட…"

"வாயை மூடும்மா."

அம்மா வாயை மூடினாள்.

"பொண்ணுங்க ஏறினா திரும்ப மாட்டாங்கன்னு சொல்லுவியே. நெஜமா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

வாரைத் தோளில் மாட்டினாள் ஷிஹோ. சமையலறையைக் கடக்கும்போது பக்கவாட்டில் பார்க்கவில்லை. அப்பா நின்றுகொண்டே சூப்பைக் குடிக்கும் சத்தம் கேட்டது. சுவைத்து, உறிஞ்சி, நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். போகிற மகளை அவர் கூப்பிடவில்லை. வாசலில் தன் பூட்ஸை மாட்டினாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள். கதவைத் திறந்தாள்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பின்னால் கதவு சாத்தப்பட்டது. அம்மாதான் சாத்தினாள். ஒரு மூச்சுக்குப் பிறகு உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது.

இறங்கினாள்.

வாசல் வெளிச்சத்தில் பனித்தரை தெரிந்தது. அதில் காலடித் தடங்கள். வீட்டிலிருந்து கிளம்பி, வேலியைத் தாண்டி, மலைப்பாதையில் ஏறிப் போயின. புதுத் தடங்கள். சின்ன அளவு. பூட்ஸ் அடியின் வரிகள்கூடத் தெளிவாக. பனி அவற்றின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவை மூடவில்லை.

திரும்பி வரும் தடம் ஒன்றும் இல்லை.

அவள் காலைத் தூக்கி முதல் தடத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.