தேவராசா திரும்பி வந்த கார்த்திகை

சீவரத்தினம் கோப்பாயில் குணலட்சுமியின் வீட்டுப் படலையடிக்கு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. 1993 கார்த்திகை. மழை தொடங்கி ஐந்தாவது நாள். பகல் என்று சொல்லத்தான் பகல். விளக்கில்லாமல் வீட்டுக்குள் முகம் தெரியவில்லை.

அவர் குணலட்சுமியின் பெரியப்பா மகன். புத்தூரில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். சைக்கிள் கரியரில் மனைவி, முன் பாரில் சின்ன மகள், ஹாண்டிலில் இரண்டு மூட்டை. இப்படி யாராவது வந்து இறங்குவது அந்த நாட்களில் புதுமையில்லை. பீரங்கி செல் விழும், குண்டு போட பொம்மர் வரும், சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். அதனால் குணலட்சுமி ஒன்றும் விசாரிக்காமல் துவாயை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்பில் கேத்திலை வைத்தாள்.

“எந்தப் பக்கம் அண்ணை அடிக்கிறாங்கள்?”

சீவரத்தினம் துவாயைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“அடியில்லைப் பிள்ளை. செத்தவை எழும்பி வருகினம்.”

விறாந்தையில் சைக்கிள் டைனமோவை ரேடியோவோடு பொருத்திக்கொண்டிருந்த கதிரவேலு, குணலட்சுமியின் கணவர், கையை நிறுத்தினார். அவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

சீவரத்தினம் மெல்லிய குரலில் சொன்னார். மகளுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல. இந்திய ஆமியோடு நடந்த எண்பத்தேழாம் ஆண்டுச் சண்டையில் சுடலைக்குக் கொண்டுபோக முடியாமல் வளவுகளுக்குள்ளும் தோட்டங்களிலும் அவசரமாய்க் குழி வெட்டித் தாட்ட சவங்கள். கிரியை இல்லை, நெருப்பில்லை. இந்த மழைக்கு மண் பிளந்து அவை வெளியே வந்துவிட்டன.

“முந்தநாள் பின்னேரம் ஏழு பேர் எங்கடை ஒழுங்கையாலை நடந்து போச்சினம். வழியிலை எத்தினை வீடு! ஒருத்தரையும் திரும்பிப் பார்க்கேல்லை. நேரே பொன்னம்பலத்தாற்றை வீட்டுக்குப் போச்சினம்.”

பொன்னம்பலம் யாரென்று குணலட்சுமிக்கும் தெரியும். சுற்றிவளைப்புக்களில் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு, வரிசையில் நின்ற பெடியளைப் பார்த்துத் தலையாட்டி ஆமிக்குக் காட்டிக் கொடுத்தவர். அவர் தலையாட்டிய ஏழு பேர் வீடு திரும்பவேயில்லை.

“பிறகு?”

“நேற்று விடிய அவரும் எழும்பி நடந்தார். பழைய சவங்கள் தங்களுக்குச் செய்தவனைத் தேடித்தான் போகுதுகள். ஆனால் அதுகள் பிடிச்ச ஆள் எழும்பினால் கண்ட சனத்தையும் பிடிக்குது. பிடிபட்ட சனம் அடுத்த நாள் எழும்புது. புத்தூரிலை இப்ப மனுசர் இல்லை, குணம். நாங்கள் கைதடிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போறம். நீங்களும் வெளிக்கிடுங்கோ.”

பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியை அரைவாசி குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். சின்ன மகள் படலை மறையும்வரை புத்தூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

கதிரவேலு அலுமாரியைத் திறந்து உடுப்புக்களை இழுத்துப் போடத் தொடங்கினார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“வெளிக்கிடு. பாலத்திலை சனம் கூட முதல் நாங்கள் போயிடோணும்.”

குணலட்சுமி ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தாள். இந்த வீட்டை விட்டு நகராத மனிதர் அவர். எண்பத்தேழில் கோப்பாயே நல்லூர்க் கோயிலில் போய் அகதியாய்க் கிடந்தபோதும், வீட்டைக் காக்க வேண்டுமென்று அவர் மட்டும் தனியே நின்றார். போன வருடம் பொம்மர் குண்டு போட்டு மதில் சரிந்தபோதும் பங்கருக்குள் இறங்கினாரே தவிர, படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை.

“பழையது தேடி வாறதுக்கு நாங்கள் ஆருக்கு என்ன செய்தனாங்கள்?” என்றாள். “புதுசுகள் வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பம். கல்வீடு, கம்பி யன்னல், வைரமரக் கதவு. அரிசி இருக்கு. ரோட்டிலை நிக்கிறதை விட உள்ளை இருக்கிறது நல்லது.”

“நான் சொல்லுறன் போவமெண்டு!”

“தேவன் வந்தால்?”

தேவராசா அவளுடைய ஒரே தம்பி. தாய் செத்த பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். அவள் நல்லூரில் இருந்த கிழமை அவன் இந்த வீட்டுக்கு வந்தானென்றும், சாப்பிட்டுவிட்டு வல்வெட்டித்துறையில் வள்ளம் பிடித்து இந்தியாவுக்குப் போவதாகச் சொல்லிப் போனானென்றும் கதிரவேலு சொல்லியிருந்தார். ஆறு வருடம். ஒரு கடிதம் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் வீட்டு வாழையில் பழுத்த ஒரு சீப்பைப் பிள்ளையாருக்குக் கொண்டுபோய் வைத்து, அவன் திரும்பி வரவேண்டுமென்று அவள் கும்பிட்டு வந்தாள்.

“அவன் வரமாட்டான்,” என்றார் கதிரவேலு. சொன்ன பிறகு அவர் முகம் மாறியது. “இப்ப எப்பிடி வருவான் எண்டுதான் சொல்லுறன்.”

அவள் அலுமாரிக் கதவைச் சாத்தினாள்.

மத்தியானத்துக்கு முன்னரே ஒழுங்கை வெறித்துப் போயிற்று. கடைசியாகப் போனவள் பக்கத்து வீட்டு மகாதேவி. வேலிக்கு மேலால் எட்டி, “குணம், நீர்வேலியிலை வந்திட்டுதாம்! இன்னும் என்னடி செய்யிறாய்?” என்று கத்திவிட்டு ஓடினாள். அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான். மழையோடு ஒரு நாற்றமும் வந்தது. மாதக்கணக்காய்த் தண்ணீரில் ஊறிய தேங்காய்ப் பொச்சுமட்டையைப் பிரித்ததுபோல.

ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

பூட்டிக்கொண்டு இருப்பதானாலும் தண்ணீர் வேண்டும். குணலட்சுமி வாளியை எடுத்தாள்.

“கிணத்தடிக்குப் போகாதை!” கதிரவேலு அறைக்குள்ளிருந்து கத்தினார்.

அவள் அதற்குள் பின்பக்கத்துக் குசினி வாசலால் இறங்கிவிட்டாள்.

கிணற்றுக்குப் பின்னால் வாழைத் தோட்டம். மூன்று வாழைகள் மூன்று திசையில் சாய்ந்து கிடந்தன. காற்றுக்கு விழுந்த மரங்கள் ஒரே பக்கமாய் விழும். இவை நடுவிலிருந்து யாரோ இரண்டு கையாலும் விலக்கியதுபோல விழுந்திருந்தன.

நடுவில் ஒரு குழி.

மண் உள்ளே சரிந்திருக்கவில்லை. வெளியே தள்ளப்பட்டிருந்தது.

குழியின் விளிம்பில் ஒரு துணி. அவள் வாளியை வைத்துவிட்டு அதை இழுத்தாள். படுக்கை விரிப்பு. சிவப்பு மண்ணில் ஊறி நிறம் கெட்டிருந்தாலும் மூலையில் தைத்த மயில் தெரிந்தது. அவள் கையால் தைத்த மயில். சண்டை நேரம் வீட்டில் களவு போன சாமான்களில் அதுவும் ஒன்றென்று கதிரவேலு சொல்லியிருந்தார்.

குழியிலிருந்து காலடிகள் தொடங்கின. ஒரு கால் பதிந்திருந்தது. மற்றக் கால் இழுபட்டிருந்தது. அவை வீட்டை நோக்கி வந்து, வீட்டைச் சுற்றியிருந்தன. ஒரு தரமல்ல, பல தரம்.

அவள் குசினிக்குள் வந்து கதவை மூடி, பனைமரச் சட்டத்தைக் குறுக்கே போட்டாள். விரிப்பைக் கதிரவேலுவின் காலடியில் போட்டாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நிலத்தில் இருந்துவிட்டார்.

“சொல்லுங்கோ.”

“குணம்...”

“சொல்லுங்கோ!”

“செல் பீஸ் பட்டு வந்தவன். தொடையிலை. காலை இழுத்து இழுத்து வந்து குசினிக் கதவிலை தட்டினவன்.”

“திறக்கேல்லையோ?”

“கதவைத் திறந்தால் அவனுக்குப் பின்னாலை வேறை ஆரும் உள்ளை வந்திடுவாங்கள் எண்டு பயந்தன்.”

“பின்னாலை ஆர் நிண்டவை?”

அவர் விரிப்பைக் கையால் அப்பால் தள்ளினார்.

“யன்னலாலை பாத்திருப்பியள். ஆர் நிண்டவை?”

“ஒருத்தரும் இல்லை,” என்றார் கதிரவேலு. “ஒழுங்கை வெறுமனே கிடந்தது.”

“எவ்வளவு நேரம் தட்டினவன்?”

“மூண்டு மணித்தியாலம்.” அவர் முகத்தை மூடிக்கொண்டார். “முதல் என்னைக் கூப்பிட்டான். பிறகு தண்ணி கேட்டான். பிறகு உன்னைக் கூப்பிட்டான்.”

குணலட்சுமிக்கு அழுகை வரவில்லை. ஆறு வருடமாய் அந்த வாழையில் அவள் இலை வெட்டியிருக்கிறாள், பொத்தி வறுத்திருக்கிறாள், பழம் தின்றிருக்கிறாள். அவன் வரவேண்டுமென்று அவனிலிருந்தே பறித்துக் கொண்டுபோய்க் கடவுளுக்கு வைத்திருக்கிறாள். இவர் ஒவ்வொரு வெள்ளியும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். குலையை ஏணி வைத்து வெட்டித் தந்தவரும் இவர்தான்.

அப்போது குசினிக் கதவில் சத்தம் கேட்டது.

விரலை மடக்கித் தட்டும் சத்தமல்ல. உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். தேவராசா சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் அடிப்பான்.

மூன்று அடி.

நிறுத்தம்.

மூன்று அடி.

கதிரவேலு பாய்ந்து எழும்பினார். “முன்பக்கத்தாலை போவம். சைக்கிள் விறாந்தையிலை நிக்குது. வா, குணம், கெதியாய் வா!”

“மூட்டையை எடுங்கோ,” என்றாள் அவள். குரல் அமைதியாய் இருந்தது. “வழியிலை உடுப்பு வேணும்.”

அவர் அறைக்குள் ஓடினார். அவள் சுவரில் தொங்கிய ஆமைப்பூட்டையும் அதன் திறப்பையும் எடுத்து மடியில் செருகினாள். பிறகு குசினிக்குப் போனாள். சட்டத்தைத் தூக்கிச் சுவரோடு சாத்தினாள்.

கதவு தானாகத் திறந்தது.

அவன் மழைக்குள் நின்றான். கண்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண். விலா எலும்புகளுக்குள்ளால் வாழை வேர்கள் நுழைந்து, கழுத்தடியில் வெள்ளையாய்ச் சுருண்டிருந்தன. பொச்சுமட்டை நாற்றம் குசினியை நிரப்பியது. வாய் திறந்து மூடியது. குரல் வரவில்லை. ஆனால் அந்த வாய் சொன்ன சொல் அவளுக்குத் தெரிந்தது.

அக்கா.

அவள் அவன் தலையில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்துவிட்டாள். குளிர்ந்து கிடந்தது.

“உள்ளைதான் இருக்கிறார், தேவன்,” என்றாள்.

அவன் உள்ளே வந்து, சுவரோடு ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான்.

அவள் விறுவிறென்று நடந்து முன்வாசலால் வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். ஆமைப்பூட்டு விழுந்த சத்தம் மழையிலும் பெரிதாய்க் கேட்டது.

உள்ளே மூட்டை விழுந்தது. கதிரவேலு ஓடிவந்து யன்னல் கம்பிகளுக்குள்ளால் கையை நீட்டினார்.

“குணம்! என்ன விளையாட்டு இது? திற! திறப்பைத் தா!”

“திறந்தால் வேறை ஆரும் உள்ளை வந்திடுவாங்கள்.”

“ஒருத்தரும் இல்லையடி! அங்கை ஒருத்தரும் இல்லை!”

“ஓம்,” என்றாள் அவள். “ஒருத்தரும் இல்லை.”

அவருக்குப் பின்னால், இருட்டில், ஒரு கால் பதிவதும் மற்றக் கால் இழுபடுவதும் கேட்டது. கதிரவேலு திரும்பிப் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாய் விடுபட்டன. அவள் கை மடியில் இருந்த திறப்பைத் தொட்டது. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர். ஒரு கணம் அந்தக் கை உண்மையாகவே திறப்பை இழுத்தது.

பிறகு மூன்று மணித்தியாலம் என்ற சொல் நினைவுக்கு வந்தது. கை நின்றுவிட்டது.

ஒழுங்கை முனையில் ஓர் உருவம் திரும்பியது. முகத்தில் சாக்குத் துணி தொங்கியது. அது தலையை மேலும் கீழும் ஆட்டியபடி வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு. குணலட்சுமி சைக்கிளில் ஏறினாள். வீட்டுக்குள் கதிரவேலுவின் குரல் முதலில் தேவராசாவிடம் கெஞ்சியது. பிறகு தண்ணீர் என்றது. பிறகு அவள் பெயரைச் சொன்னது.

கைதடிப் பாலம்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை பதினோராம் நாள் விட்டது. வெயில் பட்டதும் சவங்கள் நின்ற நின்ற இடத்தில் விழுந்தன என்று சொன்னார்கள். சனம் திரும்பி வந்து, அடையாளம் தெரிந்ததும் தெரியாததுமாய் எல்லாவற்றையும் சுடலைக்குக் கொண்டுபோய் எரித்தது. ஏன் எழும்பின என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் விரும்பவுமில்லை.

ஆமைப்பூட்டு அப்படியே இருந்தது. குணலட்சுமி திறந்தாள். நடுக் கூடத்தில் தேவராசா காலை நீட்டிப் படுத்திருந்தான், களைத்துத் தூங்குகிறவனைப்போல. கதிரவேலுவை எங்கும் காணவில்லை. வாழைத் தோட்டத்துக் குழியும் வெறுமையாய் இருந்தது. எரித்த சவங்களுக்குள் அவரைக் கண்டவர் எவருமில்லை.

தம்பிக்கு அவளே முன்னின்று எல்லாம் செய்வித்தாள். கொள்ளி வைத்தவர் சீவரத்தினம். முப்பத்தோராம் நாள் ஒரு இலை போட்டுப் படைத்தாள். கதிரவேலுவுக்கும் ஒரு இலை போடு என்று மகாதேவி சொன்னாள்.

“அவர் செத்தது ஆர் கண்டது?” என்றாள் குணலட்சுமி.

சித்திரையில் கிணறு அடிமட்டத்துக்கு வற்றியது. மண் வெடித்தது. அந்த வெயிலில் ஒருநாள் குசினி வாசலில் சீமெந்து நிலம் நனைந்திருந்தது. ஒரு ஆள் குப்புறக் கிடந்த அளவு ஈரம். தலை, தோள், முன்னால் நீட்டிய இரண்டு கை. அவள் துடைத்தாள். அடுத்த நாள் அது மறுபடியும் இருந்தது. ஒரு சாண் உள்ளே தள்ளி.

வைகாசியில் அது கூடத்துக்கு வந்துவிட்டது. மகாதேவி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“குணம், இந்த வீட்டை விட்டிட்டு என்னோடை வாடி.”

“நான் ஏனக்கா போகோணும்? வாற ஆள் வரட்டும். நான் கதவு பூட்டுறதில்லை.”

அன்று பொழுதுபட அவள் கூடத்தில் பாயை விரித்தாள். ஈரத்தின் விரல்கள் பாயின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் பாயைத் தள்ளிப் போடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினாள்.

விடிந்தபோது பாயின் மற்றப் பாதி தோய்ந்து கிடந்தது. தலையணையில், ஒரு தலை அழுந்திய பள்ளம் இன்னும் மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.