கட்டிலுக்கு மேலே

திங்கட்கிழமை, காலை 6.10.

படுக்கையறைக் கூரையின் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் அதன்பின் எழுந்திருக்கவில்லை. வயது முப்பத்துநான்கு. நூலகத்தில் வேலை. ஐந்து நாள் பயிற்சிக்கு வெளியூர் போய், முந்தைய நாள் சாயங்காலம்தான் வீடு திரும்பியிருந்தாள்.

7.40-க்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியபோது வாசலில் இன்னொரு உயிரும் போகிற நிலையில் இருந்தது. பத்துப் பேர் ஓர் ஒல்லி மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் இறந்தவளின் அண்ணன்.

"கூரை நல்லா இருக்குன்னு சொன்னியேடா பாவி! என் தங்கச்சிய கொன்னுட்டியேடா!"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஒல்லி மனிதரின் கண்ணாடி தெறித்தது.

"கைய எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தாமலே எரிந்து விழத் தெரிந்த பெண்மணி. "குத்தவாளின்னா நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு எதுக்கு அந்த வேலை?"

அடி வாங்கியவர் வீட்டுக் கூரைகளைச் சோதித்துச் சொல்லும் பொறியாளர். எப்போதும் கையில் சின்னச் சுத்தியலோடு அலைவதால் ஊரில் சுத்தியல்காரர் என்றே பெயர். அண்ணன்காரர் ஆறரைக்குப் போன் போட்டதும், செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்திருந்தார்.

"புதன்கிழமை வந்தேன் மேடம். அந்தப் பொண்ணுதான் ஊருக்குப் போறதுக்கு முன்னால என்னைக் கூப்பிட்டுச்சு, பயமா இருக்குன்னு. அறை முழுக்கத் தட்டிப் பாத்தேன். நடுவுல டொப்பு டொப்புன்னு சத்தம். உள்ள பூச்சு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். நீலச் சாக்குக்கட்டியால பெரிசா வட்டம் போட்டு, உள்ள தேதி எழுதினேன். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்வேன்."

"எழுத்துல குடுத்தீங்களா?"

"அறிக்கை பத்து நாள்ல வரும். ஆபத்துன்னா வீட்டுல இருக்கறவங்ககிட்ட நேர்லயே சொல்லிடுவேன். இதுக்கு அடியில யாரும் படுக்காதீங்கன்னு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

சுத்தியல்காரர் அண்ணன்காரரைக் காட்டினார்.

"பச்சைப் பொய் மேடம்! மொட்டை மாடியில அஞ்சு நிமிஷம் நின்னாரு, தண்ணி குடிச்சாரு, போயிட்டாரு. வட்டம் போட்டாராமே, எங்க? காட்டச் சொல்லுங்க!"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால், விழாமல் மிஞ்சிய பகுதி பால் மாதிரி வெள்ளை. வட்டமும் இல்லை, கோடும் இல்லை. விழுந்த பாளங்களையோ அதற்குள் ஏழு மூட்டையாகக் கட்டியாகிவிட்டது.

"ஏன் இவ்வளவு அவசரம்?"

"தங்கச்சிய வெளிய எடுக்கணுமே மேடம்" என்று அண்ணன்காரர் விம்மினார். தெருவே உச்சுக்கொட்டியது.

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். சுவர் ஓரத்திலிருந்து அறையின் நடுவரை நான்கு கீறல்கள். கட்டிலை இழுத்த தடம். கீறலில் இன்னும் அழுக்கு சேரவில்லை.

8.20. கூடத்தில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்துக் கான்ஸ்டபிள் குறிப்பெழுதினார். நெற்றியில் நீலக் கறை.

"லைப்ரரி முத்திரை மைங்க. எப்பவும் கையில ஒட்டியிருக்கும்" என்றாள் அண்ணனின் மனைவி. ஒரு வாரமாகத் தாய்வீட்டில் இருந்தவள், செய்தி கேட்டு ஏழு மணிக்குத்தான் வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டை நுனியால் அந்த நெற்றியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு படுக்கையறைக்குள் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, ஏறி, மின்விசிறியை ஆராய்ந்தார்.

"கடைசியா எப்ப வெள்ளையடிச்சீங்க?" என்று அண்ணன்காரரைக் கேட்டார்.

"போன வருஷம். மொத்த வீட்டுக்கும்."

"அதுக்கப்புறம்?"

"இல்ல."

"விசிறி இறக்கை மட்டும் பளபளன்னு இருக்கே?"

"நேத்து காலையில ஆள் வந்தாங்க. துடைச்சேன்."

"என்ன ஆளு?"

"வீடு பாக்க. விக்கலாம்னு..."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"சொல்லலாம்னு இருந்தேன்."

9.30. ஏழு மூட்டைகளையும் கொல்லைப்புறத்தில் கொட்டச் சொன்னார். சீருடை பாழாவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்தார். வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, விளிம்போடு விளிம்பு பார்த்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. தெரு ஜனம் மதில்மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

பிறகு ஒரு துண்டைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டினார். வெள்ளை வெங்காயத் தோலாக உரிந்தது. அடியில் நீலம்.

அடுத்த துண்டிலும் நீலம். அதற்கடுத்ததிலும். நீலம் வளைந்து வளைந்து போய் ஒரு வட்டமாக முடிந்தது. நடுவில் புதன்கிழமைத் தேதி.

"சாக்குப்பொடி மேல பெயிண்ட் ஒட்டாது" என்றார் எழுந்து. "நெத்தியில இருந்ததும் இதுதான். மையா இருந்தா ஈரத்துணி வேணும். என் கைக்குட்டையில உலர்ந்தபடியே பொடியா வந்துச்சு. அதோட அஞ்சு நாளா முத்திரையே குத்தாத பொண்ணுக்கு மை எங்கிருந்து வரும்?"

அண்ணன்காரர் வாயைத் திறந்தார்.

"இருங்க, முடிக்கல. இறக்கையைத் துடைச்சீங்க. விசிறி தொங்குற கிண்ணத்த மறந்துட்டீங்க. அதுல வெள்ளைத் துளி இருக்கு. போன வருஷம் அடிச்சதுன்னா துளிக்கு மேல தூசி இருக்கணும். இங்க தூசிக்கு மேல துளி. புதன்கிழமைக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் நடுவுல இந்த வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான். வீடு வாங்க வர்றவங்க கண்ணுல வட்டம் படக்கூடாது. மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவ எடுத்து நீங்களே அடிச்சுட்டீங்க."

இத்தனை நேரம் இந்த ஆளுக்கு 'ர்' போட்டு எழுதியதே தப்பு. இனி அவன்தான்.

"இல்ல, இவரு அப்படிப்பட்டவரு இல்லைங்க!" அண்ணி குறுக்கே வந்தாள். "தங்கச்சின்னா உசுரு. அவளுக்கு அந்த அறைன்னாலே பயம். ஒரு மாசமா கட்டிலைச் சுவத்தோரமா தள்ளிப் போட்டுத்தான் படுத்தா."

"அப்படியா? இன்னைக்குக் காலையில கட்டில் நடுவுல இருந்துச்சே. யாரு இழுத்தது?"

அண்ணிக்குத் திடீரென்று ஏதோ நினைவு வந்தது. இடுப்பிலிருந்த போனை எடுத்தாள். முந்தைய நாள் ராத்திரி நாத்தனார் அனுப்பிய செய்தி அது. பஸ்ஸில் வரும்போது பத்துத் தரம் படித்து அழுதிருந்தாள். இப்போதுதான் அதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. சத்தமாகப் படித்தாள்.

"அண்ணி, இன்ஜினியர் ஒண்ணும் இல்லைன்னுட்டாராம். நிம்மதியா தூங்குன்னு அண்ணன் சொல்லிட்டாரு. கட்டிலைப் பழையபடி நடுவுல போட்டாச்சு. அண்ணனே ஒரு பக்கம் பிடிச்சாரு."

அண்ணி போனை இடுப்பில் செருகினாள். கணவனுக்கு எதிரே போய் நின்றாள்.

"ஒரு பக்கம் பிடிச்சியா?"

முதல்முறையாக ஒருமை. அவன் அவளைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சினான்.

"விழும்னு நெனைக்கல மேடம். கட்டிலை நடுவுல போடலாம்னு அவ கேட்டா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது? சொன்னா வட்டம் போட்டத சொல்லணும். வித்ததும் எல்லாரும் வேற வீட்டுக்குப் போயிடப் போறோம். ஒரு வாரம், பத்து நாள். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்னா அந்தப் பத்து நாளும் நீ அங்க படுத்திருக்கலாமே."

அவனை ஜீப்பில் ஏற்றியபோது, காலையில் அவனோடு சேர்ந்து அடித்த பத்துப் பேரில் ஒருவர்கூட சுத்தியல்காரரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். வெட்கம் கெட்ட தெரு.

அண்ணி மட்டும் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"சார், மத்த அறையையும் தட்டிப் பாருங்க. வட்டம் போட்டா என்கிட்ட சொல்லுங்க. என் கண்ணு முன்னாலயே போடுங்க."

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் பின்னாலேயே போய், அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.