வில்லை விழவில்லை

சரியாக நாற்பது நாள் கழித்து வேதா ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். செங்கம் சாலையில் கல்லூரி வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீடு அது. எண்பத்திரண்டாம் வருஷச் சித்திரை; சுவரெல்லாம் கொதித்தது. கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மலை கண்ணைக் கூசவைத்தது.

மூலையில் மின் உலை மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

மேசைமேல் தாங்கியில் ஒரு காந்தம். அதன் அடியில் பொத்தான் அளவில் கறுப்பு வில்லை ஒன்று ஒட்டியிருந்தது. லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு சேர்த்து, வேதாவோடு ஆய்வு செய்த முன்னி பேகம் அரைத்து, அழுத்தி, சுட்டெடுத்த பெரோவ்ஸ்கைட் வகை ஆக்சைடு. ஒவ்வொரு மாங்கனீசு அணுவையும் சுற்றி ஆறு ஆக்சிஜன் கூண்டு கட்டியிருக்கும். கூண்டு சாயும் அளவைப் பொறுத்துக் காந்த குணம் மாறும். முப்பத்தைந்து டிகிரி தாண்டினால் இந்த வில்லையைக் காந்தம் விட்டுவிடும்.

"நம்ம ஊரு வெயிலுக்குன்னே பொறந்ததுடி இது. காலைல ஒட்டும், மத்தியானம் பொத்துனு விழும்" என்று முன்னி சிரிப்பாள்.

வேதா வெப்பமானியைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

வில்லை விழவில்லை.

விரலால் தொட்டாள். கிணற்றுத் தண்ணீர் போல் சில்லென்றிருந்தது.

முதுகுக்குப் பின்னால் கல்லுரலில் குழவி சுற்றும் சத்தம். கர்... கர்... பிறகு விளிம்பில் இரண்டு தட்டு. முன்னி அப்படித்தான் தட்டுவாள்.

திரும்பினாள். உரல் காலி. அவள் அரைக்கும்போது ஊற்றும் அசிட்டோனின் வாடை மட்டும்.

"வேதாம்மா."

உயிரே போய் வந்தது. வாசலில் பீபி ஜான், முன்னியின் அம்மா.

"இன்னிக்கு அவளுக்கு நாப்பதாம் நாள் பாத்தியா ஓதுறோம். உன்னக் கூப்பிட வந்தேன்."

"ம்" என்றாள் வேதா. யார் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து வருவது அதுதான். 'உன் வாயில வேற எழுத்தே இல்லையாடி?' என்று முன்னி கேலி செய்வாள்.

"ஜாஸ்தி நேரம் நிக்க மாட்டேன். ஒண்ணு கேக்கணும். மெயினை நிறுத்தாம உலைக்குள்ள கைய விட்டா, போன கரண்ட் திரும்பி வந்து அடிச்சிருச்சு, அவளோட அஜாக்கிரதைதான்னு காலேஜ்ல எழுதிட்டாங்க. சொந்தக்காரங்களும் அதையே பேசுறாங்க. நீ கூட இருந்தவ. எம் பொண்ணு மறந்துட்டாளா?"

வேதா வாய் திறக்கவில்லை.

"ம்."

அவளுடைய குரல்தான். ஆனால் உலைப் பக்கமிருந்து வந்தது.

பீபி ஜானின் முகம் சுருங்கியது. "அப்ப நெசந்தானா..." முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு, தானே தப்பு செய்தவள் போல் வெளியே திரும்பினாள்.

வேதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

"இருங்க... மெயின் சுவிட்சு வராண்டாவுல இருக்கு. அன்னிக்கு அங்க பசங்க உக்காந்திருந்தாங்க. அவங்களத் தாண்டிப் போக எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"ம்."

இப்போது முன்னியின் குரல். கதை கேட்கிறவர்கள் கொட்டும் 'ம்'.

"கரண்ட்தான் இல்லையே, அப்புறம் போய்க்கலாம்னு நின்னுட்டேன்."

"ம்."

பீபி ஜானும் உலையைப் பார்த்தாள். முக்காட்டை விலக்கிக்கொண்டாள்.

வில்லை காந்தத்திலேயே இருந்தது. அதன்மேல் முத்து முத்தாக ஈரம் பூத்திருந்தது.

"கைய விடறதுக்கு முன்னாடி அவ கேட்டா. 'மெயினை நிறுத்திட்டியாடி?'னு."

இம்முறை உலைப் பக்கம் சத்தமில்லை. காத்திருந்தது.

"நான் 'ம்'னு சொன்னேன்."